சட்டங்கள் யாரிடம் பேசின?

தண்டிக்கப்பட்டவன் தப்பி ஓடலாமா என்ற கேள்விக்கு மேற்கத்திய அரசியல் சிந்தனையில் புகழ்பெற்ற இரண்டு பதில்கள் இருக்கின்றன. இரண்டும் ஆள் மாறிப் பேசப்பட்டவை போலத் தோன்றும். ஆள்பவனின் அதிகாரத்துக்கு எல்லை வகுக்கவே விரும்பாதவர் தாமஸ் ஹாப்ஸ். ஆனால் 1651இல் வெளிவந்த ‘லெவியதன்’ நூலில், கொல்ல வருகிறவனை எதிர்க்கமாட்டேன் என்று எவனும் ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது, செய்தாலும் அது செல்லாது என்று சொன்னவரும் அவர்தான். குற்றவாளியைக் கொலைக்களத்துக்கு ஆயுதக் காவலோடு கூட்டிப்போகிறார்களே, அதுவே போதிய சாட்சி என்பது அவர் வாதம். அவன் சட்டத்துக்குச் சம்மதித்திருக்கலாம். சாவதற்கும் சம்மதித்துவிட்டான் என்று காவலுக்குப் போகிறவர்களே நம்பவில்லை. மறுபக்கம் சாக்ரடீஸ். ஏதென்ஸின் பெரிய மனிதர்களைக் கேள்வி கேட்டே வாழ்நாளைக் கழித்தவர், நண்பர்கள் எல்லா ஏற்பாடும் செய்து முடித்த பிறகும் சிறையைவிட்டு வெளியேற மறுத்தார். கீழ்ப்படிதலை உபதேசித்தவர் ஓடலாம் என்கிறார், கீழ்ப்படியாதவர் ஓடக்கூடாது என்கிறார். இந்த முரணை வியந்துவிட்டுக் கடந்துபோவது எளிது. சாக்ரடீஸின் மறுப்பு எல்லாக் குடிமக்களுக்கும் எல்லா அரசுகளுக்கும் பொருந்தும் பொதுச் சூத்திரம் என்று எடுத்துக்கொள்வதால்தான் அது இத்தனை விசித்திரமாகப் படுகிறது என்பது என் எண்ணம். அது அப்படிப்பட்ட சூத்திரம் அல்ல. ஒரு குறிப்பிட்ட மனிதனைப் பற்றி, இன்னொரு குறிப்பிட்ட மனிதனிடம் சொல்லப்பட்ட வாதம் அது.

பிளேட்டோவின் ‘கிரிட்டோ’ மிகச் சிறிய உரையாடல். கி.மு. 399இல் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டுவிட்டது. டீலோஸ் தீவுக்குப் போன புனிதக் கப்பல் திரும்பும்வரை நகரில் யாரையும் கொல்லக்கூடாது என்பது ஏதென்ஸின் மரபு. அதனால் தண்டனை ஏறக்குறைய ஒரு மாதம் தள்ளிப்போகிறது. கப்பல் வரப்போகிறது என்ற செய்தியோடு, விடிவதற்கு முன்பே பழைய நண்பர் கிரிட்டோ சிறைக்கு வருகிறார். ஓடிப்போகச் சொல்லி மன்றாடுகிறார். காசை மிச்சம்பிடிக்க நண்பனைச் சாகவிட்டான் என்று ஊரார் பேசுவார்கள் என்கிறார். பிள்ளைகள் அநாதைகளாவார்கள் என்கிறார். தெசலியில் தங்க இடம் இருக்கிறது என்கிறார். சாக்ரடீஸ் முதலில் ஒரு அடிப்படையை நிறுவுகிறார். தனக்கு அநீதி செய்தவர்களுக்குக்கூடப் பதிலுக்கு அநீதி செய்யக்கூடாது. நியாயமான ஒப்பந்தத்தைக் காப்பாற்ற வேண்டும். அதன்பின் ஏதென்ஸின் சட்டங்களே எதிரில் வந்து நின்று பேசுவதாகக் கற்பனை செய்கிறார். நீ ஓடினால் எங்களை உன்னால் முடிந்தமட்டும் அழிக்கிறாய் என்கின்றன சட்டங்கள். உன் பெற்றோரின் திருமணம் எங்களால் நடந்தது, உன்னை வளர்த்ததும் படிக்கவைத்ததும் நாங்கள், ஆகவே நாங்கள் உனக்குப் பெற்றோருக்கும் மேல் என்கின்றன. பிடிக்கவில்லையென்றால் உடைமையோடு வெளியேறியிருக்கலாம், எழுபது ஆண்டு இங்கேயே இருந்தாய், ஆகவே ஒப்புக்கொண்டாய் என்கின்றன. கட்டளை தவறு என்று தோன்றினால் எங்களை இணங்கவைக்க முயன்றிருக்கலாம், இல்லையென்றால் கீழ்ப்படிந்திருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கின்றன.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சில வாரங்களுக்கு முன் நீதிமன்றத்தில் இதே மனிதர் பேசியது வேறு மாதிரி. தத்துவ விசாரணையை நிறுத்துவதாக ஒப்புக்கொண்டால் விடுதலை என்று நீங்கள் சொன்னாலும், நான் உங்களுக்கல்ல, கடவுளுக்கே கீழ்ப்படிவேன் என்று நடுவர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். ஏதென்ஸை ஆண்ட முப்பது கொடுங்கோலர்கள் சாலமிஸ் தீவின் லியோனைக் கொலைக்காகப் பிடித்துவரும்படி ஐந்து பேருக்கு உத்தரவிட்டபோது, மற்ற நால்வரும் போனதாகவும், தான் வீட்டுக்குப் போனதாகவும் சொன்னார். பிளேட்டோ ஒருவரே எழுதிய அந்த நீதிமன்ற உரையையும் ‘கிரிட்டோ’வையும் ஒட்டவைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர்கள் முயன்றுவருகிறார்கள். நீதிமன்றத்தில் திமிராகப் பேசியவரை விசுவாசமுள்ள குடிமகனாகக் காட்டப் பிளேட்டோ எழுதிய மேடைப்பேச்சுதான் ‘கிரிட்டோ’ என்றார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜார்ஜ் குரோட். இணங்கவைக்க நேர்மையாக முயன்றவன், முயற்சி தோற்றாலும், கட்டளையை மீறலாம் என்பதே சட்டங்களின் நிலை என்று 1984இல் ரிச்சர்ட் கிரவுட் வாதிட்டார். சட்டங்களின் கண்டிப்பான தொனியோடு இது அவ்வளவு எளிதாகப் பொருந்தாது. சட்டங்களின் பேச்சு சாக்ரடீஸின் கருத்தே அல்ல, தத்துவ வாதத்தைப் பின்பற்ற முடியாத கிரிட்டோவைச் சமாதானப்படுத்தச் சொன்னது என்று 1998இல் ராஸ்லின் வைஸ் எழுதினார். பேச்சு கிரிட்டோவுக்காக உருவானது என்பதுவரை நான் வைஸோடு போவேன். ஆனால் கிரிட்டோ புத்தி மட்டானவர் என்பது இதற்கான காரணமாக எனக்குத் தெரியவில்லை. அவர் பணக்காரர் என்பதுதான் காரணம்.

அவருடைய திட்டத்தைப் பாருங்கள். அவர் அத்தனை அதிகாலையில் உள்ளே வர முடிந்ததே சிறைக்காவலனுக்கு முன்பே ஏதோ நன்மை செய்து பழக்கம் பிடித்து வைத்திருந்ததால்தான். காட்டிக்கொடுக்கக்கூடியவர்களின் வாயை அடைக்க அதிகம் செலவாகாது, அவர்கள் மலிவானவர்கள் என்று அவரே சொல்கிறார். தன் பணம் போதாவிட்டால் தீப்ஸ் நகரத்து சிம்மியாஸ் பணத்தோடு வந்து தயாராக இருக்கிறார், கீபிஸும் தருவார் என்கிறார். பணம் பாதாளம் மட்டும் பாயும் என்பதில் அவருக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. அதே சிறையில் தோல் பதனிடும் தொழிலாளி ஒருவன் சாவை எதிர்பார்த்துக் கிடந்திருந்தால், அவனுக்கு இந்த உரையாடலே நேர்ந்திருக்காது. தப்பலாமா கூடாதா என்று தர்க்கம் செய்யும் வசதியே அவனுக்கு இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு சட்டங்களின் முதல் வாதத்தைத் திரும்பப் படித்தால் அதன் கூர்மை தெரியும். நீதிமன்றத் தீர்ப்பைத் தனிமனிதர்கள் செல்லாக்காசாக்கிவிடும் நகரம் கவிழாமல் நிற்குமா என்பதே அவற்றின் கேள்வி. எந்தத் தனிமனிதர்களால் தீர்ப்பைச் செல்லாக்காசாக்க முடியும்? கிரிட்டோவைப் போன்றவர்களால். ஒரு தவறான தீர்ப்பை ஒருவன் எதிர்ப்பதால் நகரம் அழியாது. தீர்ப்பு வசதியில்லாதவர்களைமட்டும் கட்டும், வசதியுள்ளவர்களை இரவோடிரவாக வெளியே விடும் என்ற நிலை வந்தால் அங்கே சட்டம் என்று ஒன்று மிச்சமிருக்காது. சாக்ரடீஸின் மறுப்பை இப்படிப் புரிந்துகொண்டால் நீதிமன்ற உரையோடு அதற்கு முரண் இல்லை. அங்கே அவர் மீறுவேன் என்றது பகிரங்கமாக, மீறலின் விலையைத் தானே கட்டுவதாக. இங்கே மறுத்தது மாறுவேடமிட்டு, பிறர் பணத்தில், தீர்ப்பை அர்த்தமற்றதாக்குவதை.

ஒப்பந்த வாதத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். எல்லா ஏதீனியர்களையும்விட நீயே எங்களோடு அதிகமாக உடன்பட்டவன் என்று சட்டங்கள் சாக்ரடீஸிடம் சொல்கின்றன. இந்த ஒப்பீடு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அதற்கான ஆதாரங்களை ஒரு வழக்கறிஞரின் பொறுமையோடு அடுக்குகின்றன. வயதுவந்த இளைஞனின் குடியுரிமையை நகரம் ஆராய்ந்து ஏற்றுக்கொண்ட பிறகு, சட்டங்களைப் பார்த்து முடிவெடுக்கும் வாய்ப்பு அவனுக்குத் தரப்பட்டது. போருக்குப் போனது தவிர சாக்ரடீஸ் நகரைவிட்டு வெளியே போனது இஸ்மஸ் விழாவுக்கு ஒருமுறை மட்டும். ஸ்பார்ட்டாவையும் கிரீட்டையும் நல்லாட்சி நடக்கும் இடங்கள் என்று புகழ்ந்தவர், அங்கே குடியேறவில்லை. இங்கேயே பிள்ளை பெற்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்கில் தண்டனையை நிர்ணயிக்கும் கட்டத்தில் நாடுகடத்தலைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மாறாக, நகரத்தின் செலவில் விருந்து கேட்டார், பிறகு ஒரு மினா அபராதம் என்றார், கடைசியில் நண்பர்களின் பிணையில் முப்பது மினா என்றார். (நடுவர்களின் பொறுமையை இதைவிடத் திறமையாகச் சோதிக்க முடியாது.) முப்பது வாக்குகள் மாறியிருந்தால் விடுதலையே கிடைத்திருக்கும் என்பதும் அவர் வாயாலேயே வந்த கணக்கு. பேச இடம் இருந்தது, கேட்கக் காது இருந்தது, போக வழி இருந்தது. கடப்பாடு இவற்றிலிருந்து பிறக்கிறது. இவை கூடக்கூட அது கனக்கிறது, குறையக் குறைய இலேசாகிறது. கீழ்ப்படிதல் என்ற கடன் எல்லார் தலையிலும் ஒரே அளவாக ஏற்றப்பட்டதல்ல. நகரம் யாருக்கு அதிகம் குரல் கொடுத்ததோ அவனிடம்தான் அது அதிகம் கேட்கலாம்.

இதற்கு வலுவான மறுப்பு அந்த நூலுக்குள்ளேயே இருக்கிறது. ஒப்பந்தத்துக்கு முன்னால் சட்டங்கள் பெற்றோர் உவமையைச் சொல்கின்றன. நீ எங்கள் பிள்ளை, எங்கள் அடிமையும்கூட என்று கூசாமல் சொல்கின்றன. பிறந்ததாலேயே வரும் கடன் என்றால் அது எல்லாருக்கும்தானே, குரல் உள்ளவன் இல்லாதவன் என்ற பேதம் ஏது? இதை நான் ஒதுக்கிவிட விரும்பவில்லை. அந்தப் பகுதியில் கொடுமை இருக்கிறது, அதைப் படித்து நெளியாத வாசகன் கவனமாகப் படிக்கவில்லை. ஆனால் வாதத்தின் நடையைக் கவனிக்க வேண்டும். பிறப்பும் வளர்ப்பும் தனியாகவே போதும் என்றால், குடியுரிமைச் சோதனை, இஸ்மஸ் பயணம், நாடுகடத்தல் வாய்ப்பு என்று சம்மதத்துக்கு இத்தனை சாட்சிகளை அடுக்கவேண்டிய தேவை என்ன? அடிமை சம்மதித்தானா என்று எந்த எஜமானும் நிரூபித்துக்கொண்டிருப்பதில்லை. மேலும், இணங்கவைக்க முயன்றிருக்கலாமே என்ற வாய்ப்பு பெற்றோர் வாதத்துக்கு நடுவிலேயே வந்துவிடுகிறது. என்னைத் திருத்தப் பார் என்று சொல்லும் தகப்பன் எஜமானாக இருக்க முடியாது. பெற்றோருக்குரிய மரியாதையைக்கூடப் பிளேட்டோ கேள்விக்கு அப்பாற்பட்டதாக வைக்கவில்லை. இதே வழக்கைச் சுற்றி எழுதப்பட்ட ‘யூதிஃப்ரோ’வில், ஒரு கூலியாளைச் சாகவிட்டதற்காகத் தன் தகப்பனையே நீதிமன்றத்துக்கு இழுக்கும் மகன் வருகிறான். சாக்ரடீஸ் அதிர்ந்துபோகிறார், ஆனால் கூடாது என்று சொல்வதில்லை. உனக்கு இதில் அத்தனை தெளிவு இருக்கிறதா என்றுதான் துருவுகிறார். பெற்றோர் உவமையை நன்றியை நினைவூட்டும் முன்னுரை என்று எடுத்துக்கொள்கிறேன். சங்கிலி ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

டேவிட் ஹியூம் 1748இல் எழுதிய, ஆதி ஒப்பந்தத்தைப் பற்றிய கட்டுரையில் ‘கிரிட்டோ’வைக் குறிப்பிட்டு ஒரு குத்தல் வைத்தார். பிரிட்டனின் விக் கட்சியாரின் ஒப்பந்த அஸ்திவாரத்தின் மேல் டோரி கட்சியாரின் வாய்திறவாத கீழ்ப்படிதலைக் கட்டியிருக்கிறார் சாக்ரடீஸ் என்பது அதன் சாரம். அதே கட்டுரையில் இன்னும் ஆழமான மறுப்பு ஒன்றும் உண்டு. வேற்றுமொழி தெரியாத, அன்றாடக் கூலியில் பிழைக்கும் ஏழைக் குடியானவன் நாட்டைவிட்டுப் போகாததால் அரசுக்குச் சம்மதித்துவிட்டான் என்பது, தூக்கத்தில் கப்பலில் ஏற்றப்பட்டவன் நடுக்கடலில் குதிக்காததால் கப்பல் தலைவனின் ஆட்சிக்குச் சம்மதித்தான் என்பது போலத்தான் என்றார் ஹியூம். இந்த அடி முதலில் விழவேண்டியது ஜான் லாக் மேல். ஒரு வாரம் தங்கினாலும், சாலையில் நடந்து போனாலுமே மறைமுகச் சம்மதம் ஆகிவிடும் என்று எழுதியவர் அவர். ஏதென்ஸின் சட்டங்கள் மேல் அது விழவில்லை. அவை குடியானவனைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் அவை பேசாமல் விட்டவர்களின் எண்ணிக்கை பெரிது. பெண்கள், அடிமைகள், வேற்றூர்க் குடியேறிகள் யாரும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நிலையில் இல்லை. குடியேறியவர்கள் தலைவரி கட்டினார்கள், படையில் சேவை செய்தார்கள், பேரவையில் வாய் திறக்க முடியாது. அப்படிப்பட்ட ஒரு குடியேறிதான் ஸ்டாகிராவைச் சேர்ந்த அரிஸ்டாட்டில். அலெக்சாந்தர் இறந்த கி.மு. 323இல் அவர்மேலும் கடவுள் நிந்தனைக் குற்றச்சாட்டு எழுந்தது. அவர் தயங்காமல் நகரைவிட்டுப் போனார், மறு ஆண்டு கால்கிஸில் இறந்தார். அவர் சாக்ரடீஸைவிடக் கோழை என்று சொல்வோரை நான் படித்திருக்கிறேன். ‘கிரிட்டோ’வின் வாதத்தைக் கறாராகப் பொருத்தினால், அரிஸ்டாட்டில் ஏதென்ஸுக்கு அந்தக் கடன் பட்டவரே அல்லர்.

போக வழி இருந்தது என்ற வாதம் குரலற்றவர்கள்மேல் திரும்பும்போது என்ன ஆகும் என்பதைத் தமிழர்கள் வெகுதூரம் போகாமலே அறியலாம். சென்னை மாகாணத்திலிருந்து பெருவாரியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்ட ஒப்பந்தக் கூலிகள் தங்கள் ஒப்பந்தக் காலம் முடிந்தபின் அங்கேயே குடியிருக்க விரும்பினால் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்டவேண்டும் என்று 1895இல் சட்டம் வந்தது. கட்ட முடியாதவர்கள் மறுபடி கூலி ஒப்பந்தத்துக்குள் போகலாம், அல்லது ஊர் திரும்பலாம். மறு ஆண்டு வந்த வாக்குரிமைச் சட்டம் இந்தியர்களுக்கு வாக்குப் பட்டியலின் கதவை அடைத்தது. உடைமையோடு வெளியேறலாம் என்று ஏதென்ஸின் சட்டங்கள் சொன்ன அதே வாக்கியத்தை நேட்டாலின் சட்டமும் சொல்லியிருக்க முடியும். அங்கே அது ஒரு சுதந்திரத்தின் நினைவூட்டல், இங்கே அது ஒரு விரட்டல். ஏழை சொல் அம்பலம் ஏறாது. அம்பலம் ஏறாதவனிடம், நீ பேசியிருக்கலாமே என்று கேட்பது வாதமாகாது. 1913இல் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் செய்தவர்கள் சட்டத்தை மீறினார்கள். ஆனால் எந்தக் குடிமை ஒப்பந்தத்தையும் முறிக்கவில்லை, குடிமக்கள் என்ற முறையில் அவர்களோடு எவரும் எதுவும் ஒப்பந்தம் செய்துகொண்டதே இல்லை.

அப்படியானால் ஏழை எதையும் செய்யலாம், சட்டம் பணக்காரனை மட்டும் கட்டும் என்கிறீர்களா என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. சட்டங்கள் வாய்திறப்பதற்கு முன்பே, அநீதி செய்யக்கூடாது என்ற அடிப்படையை சாக்ரடீஸ் போட்டுவிட்டார்; அது ஒப்பந்தத்தைச் சார்ந்ததல்ல, எல்லாரையும் கட்டுவது. பக்கத்து வீட்டுக்காரனைக் கொல்லாமல் இருக்க எனக்கு நகரத்தோடு உடன்படிக்கை தேவையில்லை. குரலற்றவனுக்கு அறம் இலேசாவதில்லை. சட்டம் சொன்னது என்ற ஒரே காரணத்துக்காகக் கீழ்ப்படியும் கடன் மட்டும்தான் இலேசாகிறது. இன்னொரு மறுப்பு, இப்போது எல்லாருக்கும் வாக்கு இருக்கிறதே, ஆகவே எல்லாருக்கும் ஒரே கடன்தானே என்பது. வாக்கு ஒரு தொடக்கம். சாக்ரடீஸுக்கு இருந்தது வாக்கு மட்டும் அல்ல, நேரில் நின்று வாதாடி, முப்பது பேர் மனம் மாறினால் வெல்லக்கூடிய ஒரு நீதிமன்றம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை விரலில் மை வைத்துக்கொள்கிறவனுக்கும், அமைச்சரின் வரவேற்பறையில் உட்காரக்கூடியவனுக்கும் இணங்கவைக்கும் வாய்ப்பு சமமானது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அப்படிப்பட்ட வாய்ப்புள்ளவன் வரி ஏய்ப்பதும், ஜாமீனில் இருக்கும்போது விமானம் ஏறுவதும்தான் ‘கிரிட்டோ’வின் சட்டங்கள் கடிந்துகொள்ளும் குற்றத்துக்கு மிக நெருங்கியது.

இனி காந்தி. மேற்சொன்னதற்கு அவர் எதிர்ச்சாட்சி போலத் தோன்றுவார். காலனிய இந்தியாவின் குடிமகனுக்கு எந்த ஒப்பந்தக் கடனும் இல்லை என்றால், 1922 மார்ச்சில் அகமதாபாத்தில் நீதிபதி புரூம்ஃபீல்டின் முன்னால் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டு, இருப்பதிலேயே கடுமையான தண்டனையை ஏன் கேட்டார்? கடனைத் தீர்ப்பதற்காக அல்ல. இந்தச் சட்டம் தீயது என்று நினைத்தால் பதவி விலகுங்கள், நல்லது என்று நினைத்தால் முழுத் தண்டனையையும் கொடுங்கள் என்று அவர் நீதிபதியை ஒரு முடிவுக்குத் தள்ளினார். இணங்கவைக்க அவருக்கு வேறு மன்றம் இல்லாததால், தண்டனையையே மன்றமாக்கிக்கொண்டார். 1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய மார்ட்டின் லூதர் கிங்கும் இதைத்தான் செய்தார். வாக்குரிமை மறுக்கப்பட்டவர்கள் இயற்றுவதில் பங்கே பெறாத சட்டம் அவர்களைப் பொறுத்தவரை நியாயமற்றது என்று அந்தக் கடிதத்தில் தெளிவாகவே வாதிட்டார். இவ்விருவரும் தண்டனையை ஏற்றதைக் காட்டி, போராடுகிற ஒவ்வொரு எளியவனும் வாய்மூடித் தண்டனையை ஏற்கக் கடமைப்பட்டவன் என்று உபதேசிப்பவர்கள், ஒரு கொடையை வட்டியோடு வசூலிக்கப் பார்க்கிறார்கள். 1908இல் தென்னாப்பிரிக்காவில் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழுக்காகக் காந்தி குஜராத்தியில் தந்த பிளேட்டோ ‘கிரிட்டோ’ அல்ல, சாக்ரடீஸின் நீதிமன்ற உரை. ஓர் உண்மை வீரனின் கதை என்று அதற்குப் பெயர் வைத்தார். 1910இல் பம்பாய் அரசாங்கம் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலோடு சேர்த்து அந்தச் சிறு வெளியீட்டையும் தடைசெய்தது.